சாண்ட்லர், அரிசோனா: முதல் அத்தி மரம். இப்போதே மண்ணில் வைக்கலாமா, அக்டோபர் வரை பொறுக்கலாமா?

முதல்மரம் (சாண்ட்லர், அரிசோனா)

எல்லாருக்கும் வணக்கம். போன குளிர்காலத்தில்தான் இங்கே வீடு வாங்கினோம். பின்பக்கத் தோட்டம் சின்னது. புல் கிடையாது, முழுக்கச் சரளைக்கல். மார்ச்சில் நர்சரிக்குப் போனபோது ஒரு பிளாக் மிஷன் அத்தி கண்ணில் பட்டது. ஐந்து காலன் தொட்டி, இடுப்புயரம், பளபளவென்று இலை. வாங்கிவிட்டேன். துளசியைத் தவிர எதையும் வளர்த்த பழக்கம் இல்லை.

இப்போது மே நடுப்பகுதி. வெயில் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. செடி இன்னும் அதே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில், வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது. நாள் முழுக்க வெயில் வேண்டும் என்று நர்சரியில் சொன்னதால் அங்கே வைத்தேன். தினமும் காலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறேன். இலை ஓரமெல்லாம் கருகிப் பழுப்பாகிறது. பட்டாணி அளவில் காய் பிடித்தது, அதுவும் ஒவ்வொன்றாக உதிர்கிறது.

இப்போதே மண்ணில் வைத்துவிடலாமா? அதே மேற்குச் சுவரோரம் சரிப்படுமா? தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை? அப்புறம் ஒன்று. அடுத்த மாதம் அம்மா மதுரையிலிருந்து வருகிறார். சுத்த சைவம். "அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு"ன்னு சும்மாவா சொன்னாங்க என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டார். உண்மையிலேயே உள்ளே பூச்சி இருக்குமா?

மொட்டைமாடி (ஷார்ஜா)

கறுப்புத் தொட்டியை மேற்குச் சுவரோரம் வைத்தால் வேர் வெந்துவிடும். முதலில் அதை நகர்த்துங்கள் சார், மற்றதெல்லாம் அப்புறம். நான் இங்கே மாடியில் பாதி டிரம்மில் அத்தி வைத்திருக்கிறேன். டிரம்முக்கு வெளியே வெள்ளைத் துணி சுற்றி, மதியத்துக்கு மேல் வலை நிழல். ஏசியின் வடிகுழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுகிறேன். அதில் உப்பு இருக்காது. ஆகஸ்ட் புழுக்கத்தில் ஒரு வாளி சுலபமாகக் கிடைத்துவிடும். மண்ணுக்கு, துபாயில் வர்சான் நர்சரிகளில் உப்பு கழுவின மணல் என்று விற்கிறார்கள், அதில் உரம் கலந்தேன்.

தரையில் வைப்பது பற்றி எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஏது தரை!

வரப்போரம் (மேசா, அரிசோனா)

தம்பி, முதலில் அந்தக் குவளையை உள்ளே வையுங்கள்.

இந்த ஊரில் அத்தி வெயிலால் சாவது குறைவு. தண்ணீர் ஊற்றுகிற விதத்தால் சாவதுதான் அதிகம். நம் குழாயில் வருவது சால்ட் ஆறும் கொலராடோ ஆறும் சேர்ந்த தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் மண்ணிலும் படிகிறது. தினமும் கொஞ்சம் ஊற்றினால் மேல் நாலு விரல் மண் மட்டும் நனையும், மாலைக்குள் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். வேரும் தண்ணீரைத் தேடி மேலேயே வந்து நிற்கும். உங்கள் இலை நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கருகுகிறது என்றால் பாதி காரணம் அந்த உப்பு, மீதிப் பாதி அந்தச் சுவர்.

ஊற்றினால் அடிவரைக்கும் போகிற மாதிரி ஊற்ற வேண்டும். தொட்டி என்றால் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் நன்றாக ஓடும்வரை. தரையில் இருக்கும் மரம் என்றால் இரண்டு முதல் மூன்று அடி ஆழம் நனைய வேண்டும். நனைந்ததா என்று பார்க்க ஒரு நீள இரும்புக் கம்பி போதும். ஈரம் இருக்கிற வரை கம்பி வெண்ணெயில் போகிற மாதிரி இறங்கும், காய்ந்த மண் வந்ததும் டக்கென்று நின்றுவிடும். நான் கம்பியில் அடிக்கணக்குக்குப் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை நிமிஷம் குழாயைத் திறந்தால் இரண்டாவது கோடு வரை போகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் அதுதான் உங்கள் மண்ணுக்கான கணக்கு. யூட்யூபில் சொல்கிற காலன் கணக்கு உங்கள் வீட்டு மண்ணுக்குத் தெரியாது.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். வயலுக்கு மடை திறந்து பழகினவன். மேசாவில் பழைய குடியிருப்பு ஒன்றில் வீடு பார்த்தபோது தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு எடுத்திருந்தது. என்னங்க இது என்று கேட்டால், எஸ்ஆர்பி (சால்ட் ரிவர் ப்ராஜெக்ட், இங்கே பாசனத் தண்ணீர் விடுகிற நிறுவனம்) வாய்க்கால் தண்ணீர் என்றார்கள். கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் முறைத்தண்ணீர். குளிர்காலத்தில் அதில் பாதி. நம் முறை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு எழுந்து வால்வைத் திறக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரர் நம் நேரத்தில் கொஞ்சம் கடித்துக்கொள்வது உட்பட எல்லாம் ஊரில் மாதிரியேதான். இந்த வாய்க்கால்களில் சில, ஹோஹோகாம் என்ற பழங்குடி மக்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தடத்திலேயே ஓடுகின்றன. அன்றே வீட்டை முடித்துவிட்டேன். என் மனைவிக்கு அந்த வீட்டுச் சமையலறை இன்றுவரை பிடிக்கவில்லை, அது வேறு கதை.

சாண்ட்லரில் உங்கள் பக்கம் அநேகமாகச் சொட்டுநீர்தான் இருக்கும். பரவாயில்லை. ஆனால் வீடு கட்டினவர்கள் செடி தூரில் இரண்டு சொட்டுவாய் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அது அரளிக்குப் போதும், அத்திக்குப் போதாது. கிளை எவ்வளவு தூரம் விரிகிறதோ அந்த விளிம்பில் வட்டமாகக் குழாயைப் போடுங்கள். மரம் வளர வளர வட்டத்தையும் பெரிதாக்க வேண்டும். மரம் வேர் பிடித்த பிறகு என் கணக்கு, கோடையில் வாரம் ஒரு நல்ல பாய்ச்சல். 110ஐத் தாண்டினால் இரண்டு. இலை உதிர்ந்த குளிர்காலத்தில் மாதம் ஒன்றே அதிகம். முதல் கோடை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும்.

அடுத்தது இடம். நர்சரியில் "முழு வெயில்" என்று சொல்வது அட்டையில் போட்டிருப்பதைப் படித்துச் சொல்வது. அந்த அட்டை கலிபோர்னியாவுக்கு எழுதினது. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110க்கு மேல், அதாவது 43 செல்சியஸுக்கு மேல் அடித்தது. அதைவிடக் கொடுமை, 16 ராத்திரி தொடர்ந்து 90க்குக் கீழே இறங்கவே இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த சகுவாரோ கள்ளியே அந்த வருஷம் கை முறிந்து விழுந்தது. அந்த மாதிரி ராத்திரியில், பகலெல்லாம் மேற்கு வெயில் குடித்த சுவர் விடியும்வரை அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். செடிக்கு மூச்சுவிட நேரமே கிடையாது.

ஆகவே வீட்டின் மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். தோட்டத்தின் மேற்கு எல்லையில் மதில் இருக்கிறதா? அதற்கு உள்பக்கம், ஆறடி தள்ளி வையுங்கள். ஆறடி மதில் என்றால் ஜூனில் நாலு, நாலரை மணிக்கெல்லாம் அடிமரத்தில் நிழல் விழுந்துவிடும். காலை வெயில் முழுசாகக் கிடைக்கும். பழத்துக்கு அது தாராளம். மரத்தைச் சுற்றியிருக்கும் சரளைக்கல்லை ஐந்தாறடி வட்டத்துக்கு வாரிவிட்டு மரச்சில்லு போடுங்கள், நாலு விரல் கனத்துக்குக் குறையாமல். தண்டில் ஒட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். மரம் வெட்டுகிறவர்களிடம் கேட்டால் லாரியோடு சும்மாவே கொட்டிவிட்டுப் போவார்கள். கேட்டதைவிட அதிகமாகவே கொட்டுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள். தண்டுக்கு வெள்ளை வாட்டர் பெயிண்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அடியுங்கள். இளம் அத்தியின் பட்டை மெல்லிசு. ஒரு கோடை வெயிலில் வெடித்துவிட்டால் அந்தப் பக்கம் பிறகு ஆறவே ஆறாது.

இப்போதே வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பது என் கட்சி. மே மாதம் வைத்தால் வேர் பிடிக்குமுன் ஜூன் வந்து நிற்கும். ஊரில் கத்திரி வெயில் மூன்றரை வாரம், இங்கே அது செப்டம்பர் வரை. செடியை வீட்டுக்குக் கிழக்கே கொண்டுபோய், அதைவிடப் பெரிய வெளிர்நிறத் தொட்டிக்குள் தொட்டியோடு இறக்கி, இடைவெளியில் மரச்சில்லை நிரப்பி வையுங்கள். வெயில் நேராக வேர்மேல் படாது. அக்டோபரில் மண்ணில் வையுங்கள். குளிர்காலம் முழுக்க வேர் ஓடும், வசந்தத்தில் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தப் பழமொழி நம் ஊர் ஆற்றங்கரை நாட்டு அத்திக்கு. அது வேறு மரம், அதற்குள் சின்னக் குளவி போகாமல் நடக்காது. பிளாக் மிஷன் குளவி இல்லாமலே பழுக்கிற வகை. கலிமிர்னா என்ற ரகத்துக்குத்தான் குளவி வேண்டும். கலிபோர்னியாக்காரர்கள் காய் நிற்கவில்லை என்று தவித்து 1899இல் அந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பேரில் டெசர்ட் இருக்கிறதே என்று டெசர்ட் கிங் வாங்கிவிடாதீர்கள். குளவி இல்லாமல் அதில் வசந்த காலக் காய் மட்டும்தான் நிற்கும், கோடைக் காய் உதிர்ந்துவிடும். குளிர்ந்த கடலோர ஊர்களுக்கு ஏற்ற மரம் அது. உங்கள் ரகம் சரியான ரகம்தான். இருந்தாலும் நன்றாகக் கனிந்த பழத்தின் அடிக்கண் (அடியில் இருக்கும் சின்னத் துளை) திறந்திருந்தால் பழ ஈயும் சின்ன வண்டும் உள்ளே புகும். எதற்கும் இரண்டாகப் பிளந்து பார்த்துவிட்டே அம்மாவிடம் கொடுங்கள்.

வெயிலுகந்தாள் (டூசான், அரிசோனா)

வரப்போரம் அண்ணா சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அக்டோபர் வரை பொறுப்பது வரப்பும் வாய்க்காலும் வைத்திருப்பவர்களுக்குச் சுலபம். ஐந்து காலன் தொட்டி ஜூலையில் ஒரே நாளில் இரண்டு தடவை காயும். நடுவில் ஒரு சனி ஞாயிறு ஃபிளாக்ஸ்டாஃப் போய்விட்டு வந்தால் குச்சிதான் மிச்சம். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தரைதான் பாதுகாப்பு. நான் என்றால் இப்போதே வைத்து, நாலு குச்சி நட்டு மேற்கேயும் தலைக்கு மேலேயும் பாதி வெயிலைத் தடுக்கிற வலையைக் கட்டிவிடுவேன். ஆனால் தண்ணீர் வடிகிற மண்ணாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு அடிக் குழி தோண்டி நிரப்பி விடுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் கீழே கலீச்சி. சுண்ணாம்பு இறுகிப் பாறை மாதிரி ஆன அடுக்கு, இங்கே பாதி வீட்டில் உண்டு. அப்படியென்றால் அண்ணா கட்சி.

இன்னொரு விஷயம். ஒற்றைத் தண்டாக, படத்தில் வருகிற மரம் மாதிரி வளர்க்காதீர்கள். தரையிலிருந்தே நாலைந்து கிளை விட்டுப் புதராக விடுங்கள். கீழ்க்கிளை இலைகளே தண்டுக்கும் மண்ணுக்கும் நிழல். டூசானில் சென்டினல் பீக் மலையடிவாரத்தில் மிஷன் கார்டன் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. இங்கே கிறிஸ்தவ மிஷன்களை நிறுவிய கினோ பாதிரியார் காலத்தில் இந்தப் பக்கம் வர ஆரம்பித்த பழமரங்களின் வழிவந்த கன்றுகளை, பழைய வீட்டு முற்றங்களிலிருந்து குச்சி எடுத்து அங்கே வளர்க்கிறார்கள். அத்தி, மாதுளை, சீமை மாதுளை எல்லாம் உண்டு. முன்னூறு வருஷமாக இந்த வெயிலைப் பார்த்த வம்சம். ஒரு தடவை போய் அத்தியை எப்படிக் கவாத்து செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள், எந்த வீடியோவும் வேண்டாம்.

நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை மஞ்சளாகிறதா? அது இரும்புச் சத்துக் குறை, நம் காரமண்ணில் சகஜம். கடையில் ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று போட்ட இரும்பு உரமாகப் பார்த்து வாங்குங்கள், மற்ற வகை இந்த மண்ணில் எடுபடாது. யூரியா மாதிரி உரத்தை அள்ளிப் போடாதீர்கள். இலை யானைக் காது மாதிரி வரும், காய் வராது.

முதல்மரம் (சாண்ட்லர், அரிசோனா)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செடியைக் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டேன். அடியில் ஓடும்வரை தண்ணீர் விட்டதும் முதலில் வந்த தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. புது இலை ஒன்று கருகாமல் விரிந்திருக்கிறது.

வெயிலுகந்தாள் அக்கா சொன்ன சோதனையை மேற்கு மதிலோரம் செய்து பார்த்தேன். ஒன்றரை அடியிலேயே மண்வெட்டி 'ணங்' என்றது. வெள்ளையாகச் சிமெண்ட் மாதிரி இருக்கிறது. சாயங்காலம் நிரப்பின தண்ணீர் மறுநாள் மதியம்கூடப் பாதிக் குழி நின்றது. ஆகவே அக்டோபர்தான். ஆனால் இந்தப் பாறையை என்ன செய்வது? வேறு இடமும் இல்லை. கருகின இலைகளை வெட்டிவிடலாமா? மிச்சம் இருக்கும் நாலைந்து காயை எப்படியாவது காப்பாற்ற வழி உண்டா?

வரப்போரம் (மேசா, அரிசோனா)

இலையை வெட்டாதீர்கள். பாதி கருகினாலும் மீதிப் பாதி வேலை செய்யும், தண்டுக்கு நிழலும் கொடுக்கும். காயைக் கிள்ளிவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் கிள்ளுங்கள். இந்த வருஷம் அது வேரைத்தான் வளர்க்க வேண்டும். கிள்ளும்போது கையுறை போடுங்கள். அந்தப் பால் தோலில் பட்டு மேலே வெயிலும் பட்டால் கொப்பளித்துவிடும். எனக்கு முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு பல மாதம் கருப்பாக இருந்தது.

பழுக்க ஆரம்பித்த பிறகு என்ன செய்வது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேட்க மறந்துவிடுவீர்கள். அத்தி பறித்த பிறகு பழுக்காது. காம்பு துவண்டு பழம் தலைகீழாகத் தொங்க வேண்டும், தோலில் மெல்லிய கீறல் விழ வேண்டும். அடிக்கண்ணில் ஒரு சொட்டுத் தேன் நின்றால் அன்றைக்கே பறிக்க வேண்டும். காம்பில் பால் வடிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். உங்களுக்கு முன்னால் பறவை வந்துவிடும். ஜூலை மழை தொடங்கும் சமயத்தில் பச்சை வண்டு வரும், கட்டைவிரல் பருமன், ஹெலிகாப்டர் சத்தம். கனிந்த பழத்தில் தலையை விட்டுக்கொண்டு பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மருந்து அடிக்காதீர்கள். தாம்பூலப் பைக்கு வாங்குகிறோமே, அந்த வலைத்துணிச் சுருக்குப்பை, அதைக் காய் நிறம் மாறும்போதே ஒவ்வொன்றுக்கும் மாட்டிவிட்டால் போதும். அம்மா வரும்போது ஒரு கட்டு எடுத்துவரச் சொல்லுங்கள், அங்கே மலிவு. உரக்குழியில் வெள்ளையாக, மல்லாந்து முதுகால் ஊர்ந்து போகிற புழுவைப் பார்த்தால் அதுதான் அந்த வண்டின் குஞ்சு. மக்கினதைத் தின்னும், வேரைத் தொடாது.

கலீச்சிக்கு வருவோம். அடுக்கு எவ்வளவு கனம் என்று முதலில் பாருங்கள். அரை அடி, முக்கால் அடி என்றால் ஓட்டை போட்டுவிடலாம். முதல்நாள் ராத்திரி குழியை நனைத்து வைத்தால் மறுநாள் கொஞ்சம் இளகியிருக்கும். கடப்பாரைக்கு மசியவில்லை என்றால் வாடகைக்குக் கான்கிரீட் உடைக்கிற மெஷின் கிடைக்கும், அரை நாள் எடுத்தால் போதும். முழுக்க உடைக்கத் தேவையில்லை. தண்ணீர் கீழே இறங்க வழி கிடைத்தால் சரி. பெயர்த்த வெள்ளைக் கட்டியைத் திரும்பக் குழியில் போடாதீர்கள். குழி ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம், தொட்டியைப் போல மூன்று மடங்கு. உள்ளே அந்த மண்ணையே போட்டு மூடுங்கள். நல்ல மண் என்று மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டினால் வேர் அந்தக் குழியைவிட்டு வெளியே வராது. இரண்டு அடி உடைத்தும் அடுக்கு முடியவில்லை என்றால் தோண்டுவதை விட்டுவிட்டு, மேலே ஒன்றரை அடிக்கு மண்ணைக் குவித்து அகலமான மேடு கட்டி அதில் வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, மரம் நிற்கும்.

தோண்டுவதற்கு இரண்டு வேலைநாள் முன்னால் 811க்குப் போன் போடுங்கள். கேஸ் குழாய், கரண்ட் ஒயர் எங்கே ஓடுகிறது என்று தரையில் பெயிண்ட் அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள், காசு கிடையாது. உங்கள் சொட்டுநீர்க் குழாயை அவர்கள் காட்ட மாட்டார்கள். அதை நீங்களே தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.